நிற்கும் அச்சு, படுக்கும் அச்சு

பாரிஸ் நகரத்துப் பழைய அடுக்ககங்களில் சமையலறை என்பது பெரும்பாலும் ஆள் திரும்ப இடமில்லாத ஒரு சந்து. அந்தச் சந்தில் நாற்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாஷிங் மெஷின் ஒடுங்கி நிற்கும். மூடி மேலே இருக்கும். நம் ஊர்க் கடைக்காரரிடம் காட்டினால் யோசிக்காமல் ‘டாப் லோட்’ என்று சொல்லிவிடுவார். ஆனால் மூடியைத் தூக்கினால் உள்ளே இன்னொரு கதவு. எவர்சில்வர் டிரம்மின் முதுகில் இரண்டு பிளவாகத் திறக்கும் தகட்டுக் கதவு. அதையும் திறந்துதான் துணியைப் போட வேண்டும். டிரம் அங்கே படுத்துக் கிடக்கிறது. அது துவைக்கும் விதம், குடிக்கும் தண்ணீர், எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாமே நாம் ‘ஃபிரண்ட் லோட்’ என்று அழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கதவு எந்தப் பக்கம் என்பது வாங்குபவரின் முதுகுவலியும் வீட்டின் இடவசதியும் முடிவு செய்யவேண்டிய விஷயம். இயந்திரத்தின் குணத்தை முடிவு செய்வது டிரம் சுழலும் அச்சுதான். அது தரையின் மேல் நெட்டாக நிற்கிறதா, கிடையாகப் படுத்திருக்கிறதா? நெட்டாக நின்றால் புவியீர்ப்பால் துவைப்புக்குப் பெரிய உபயோகமில்லை. துணியைத் தொட்டியின் அடியில் அமர்த்தி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. படுத்துவிட்டாலோ ஒவ்வொரு சுற்றிலும் ஈர்ப்பு சம்பளம் வாங்காமல் உழைக்கிறது. தண்ணீர்க் கணக்கில் தொடங்கி மெக்கானிக் நீட்டும் பில் வரை எல்லாம் இந்த ஒரு தேர்விலிருந்து கிளைப்பவை.

அழுக்கு எப்படிப் போகிறது என்பதற்கு 1959இல் ஹெர்பர்ட் சின்னர் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்து வேதியியலாளர். ஒரு வட்டம், அதில் நான்கு பங்கு: வேதிப்பொருள், வெப்பம், நேரம், இயந்திர விசை. வட்டம் எப்போதும் முழுதாக இருக்க வேண்டும். ஒரு பங்கைச் சுருக்கினால் மற்றவற்றில் ஏதாவது ஒன்று விரிந்தாக வேண்டும். தண்ணீரைச் சூடாக்க மனமில்லையா, நேரத்தைக் கூட்டு. நேரம் இல்லையா, சோப்பைக் கூட்டு. சலவைத் தொழிலில் இன்றும் ‘சின்னர் வட்டம்’ என்றே இதைச் சொல்கிறார்கள். இந்த நான்கையும் துணியிடம் கொண்டு சேர்க்கும் ஊடகம் தண்ணீர். இரண்டு வகை இயந்திரங்களும் ஒரே வட்டத்தைத்தான் நிரப்புகின்றன. பங்கு போடுவதில்தான் வேறுபாடு.

நிற்கும் அச்சில் துணியை அசைப்பது தண்ணீர். 1922இல் அமெரிக்காவின் மேடேக் நிறுவனம் ‘கைராஃபோம்’ என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை இருந்த இயந்திரங்கள் பல மேலிருந்து இறங்கும் மரக்கட்டையால் துணியைப் பிடித்து இழுத்தன. மேடேக் கலக்கியைத் தொட்டியின் அடிக்கு மாற்றியது. துணியைத் தண்ணீருக்குள் இழுப்பதை விட்டுத் தண்ணீரைத் துணிக்குள் தள்ளியது. நடுவே தூண் போல எழும் ‘அஜிடேட்டர்’ கொண்ட அமெரிக்கக் குடும்பம் அதிலிருந்து வளர்ந்தது. ஜப்பானில் கிளை வேறு. 1953இல் சான்யோ அங்கே கொண்டுவந்த இயந்திரத்தில் தூண் கிடையாது. தொட்டிச் சுவரில் ஒரு சிறு சுழல்தட்டு மட்டும். அந்தத் தட்டு பிறகு அடிக்கு இறங்கி ‘பல்சேட்டர்’ ஆனது. நம் வீடுகளின் டாப் லோட் பெரும்பாலும் இந்த ஆசியக் கிளையில் வந்தவை. தட்டு ஒரு பக்கம் சில விநாடி, மறுபக்கம் சில விநாடி என்று திருப்பித் திருப்பிச் சுழல, தண்ணீர் சுழித்து எழுந்து துணியை உருட்டும்; துணியும் துணியும் உரசும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. துணி மிதக்க வேண்டும். மிதக்காத துணியைச் சுழலால் அசைக்க முடியாது; அடியில் சிக்கிய ஓரத்தை மட்டும் தட்டு திருகிக்கொண்டிருக்கும். ஐந்தரை மீட்டர்ச் சேலையைத் தண்ணீர் குறைவாக வைத்துப் போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வடம் போல முறுக்கிக்கொண்டு, கூடவே இரண்டு வேட்டியையும் ஒரு பாவாடை நாடாவையும் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் தொட்டியில் ஐம்பது, அறுபது லிட்டர் நிற்க வேண்டியிருக்கிறது.

படுத்த அச்சில் தண்ணீர் துணியை அசைக்க வேண்டியதே இல்லை. டிரம் தூக்குகிறது, ஈர்ப்பு போடுகிறது. எந்த வேகத்தில் என்பதுதான் சூட்சுமம். அரை மீட்டர் விட்டமுள்ள டிரம்மை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்றைத் தொட்டால் துணி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். உச்சிக்குப் போனாலும் விழாது. துணியைச் சுற்றிலேயே வைத்திருக்கத் தேவையான மையநோக்கு முடுக்கம் அந்த வேகத்தில் ஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகிவிடுகிறது. விழாத துணி துவையாது. மிக மெதுவாகச் சுற்றினாலோ துணி அடியிலேயே புரண்டுகொண்டிருக்கும். அதனால் துவைக்கும் வேகத்தை 45, 50 சுற்றுக்குள் வைக்கிறார்கள். 48 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால் துணி சுவரை விட்டுப் பிரியும் இடம் கிடைமட்டத்துக்கு மேலே சுமார் 40 பாகை. கடிகார முகத்தில் பத்தைத் தாண்டிய இடம். அங்கிருந்து எதிர்ப்பக்க அடிவாரத்தைப் பார்த்து விழுகிறது. டிரம்மின் உள்சுவரில் துருத்தி நிற்கும் மூன்று வரப்புகள் துணி நழுவாமல் ஏற்றிவிடுகின்றன. முன்கதவின் கண்ணாடி கிண்ணம் போல உள்ளே புடைத்திருப்பதும் அழகுக்காக இல்லை. முன்பக்கம் ஒதுங்கும் துணியை அது மறுபடி டிரம்முக்குள் தள்ளுகிறது.

ஆற்றங்கரையில் சலவைத் தொழிலாளி செய்ததும் இதையேதான். நனைந்த துணியைத் தூக்கிக் கல்லில் போடும்போது இழைகளுக்கு இடையிலிருக்கும் நீர் ஒரு கணத்தில் பிதுங்கி வெளியேறுகிறது. அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. தூக்கும்போது புதுநீர் உள்ளே ஏறுகிறது. துணிக்கு வேண்டியது நனைந்திருப்பது மட்டுமே, மிதப்பது வேண்டாம். அடியில் சிறு குட்டை போல நீர் நின்றால் போதும். ஐந்தாறு கிலோ பருத்தித் துணிக்கு முதல் துவைப்பில் பதினைந்து, இருபது லிட்டர் போதுமாகிவிடுகிறது.

நீர் குறைந்தால் சின்னர் வட்டத்தின் வேதிப் பங்கு தானாகப் பெரிதாகும். அதே ஒரு மூடித் தூள் கால் பங்குத் தண்ணீரில் கரைந்தால் கரைசல் நான்கு மடங்கு அடர்த்தி. வரவு இது. செலவு நுரை. விழும் துணி ஒவ்வொரு முறையும் காற்றைக் கரைசலுக்குள் அடித்து இறக்குகிறது. கையால் துவைக்கச் செய்த தூளைப் படுத்த டிரம்மில் கொட்டினால் கண்ணாடி முழுக்க வெண்மை. பார்க்கச் சுத்தமாகத் தெரியும். உள்ளே துவைப்பு நின்றுபோயிருக்கும். துணி நுரை மெத்தையில் மெல்ல இறங்குகிறது, அடி விழுவதில்லை. வடிகால் பம்பும் நுரையை இறைக்கத் திணறும். ஃபிரண்ட் லோட் தூள் என்று தனியாக விற்பது வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் தவறு. அதில் நுரையடக்கும் சிலிக்கோன் போன்ற பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை நம் விளம்பரங்கள் ஒத்துக்கொள்ள இன்னும் பல காலம் ஆகும்.

“இத்தனூண்டு தண்ணியில அலசினா சோப்பு எப்படிப் போகும்?” வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் அலசலில் தண்ணீரின் மொத்த அளவைவிட அதை எத்தனை தவணையாகப் பிரித்தோம் என்பது பெரிது. பிழிந்த பிறகும் துணியில் 3 லிட்டர் சோப்புநீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 லிட்டர் ஊற்றி ஒரே முறை அலசிப் பிழிந்தால் துணியில் தங்கும் சோப்பு 53இல் 3 பங்கு, கிட்டத்தட்ட 6 சதவீதம். 15 லிட்டராக மூன்று முறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் மறுபடி 3 லிட்டர் தங்கும் வரை பிழிந்தால், ஒவ்வொரு தவணையிலும் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும். ஆறில் ஒன்றின் ஆறில் ஒன்றின் ஆறில் ஒன்று, அதாவது 216இல் ஒரு பங்கு; அரை சதவீதத்துக்கும் கீழே. செலவான நீர் 45 லிட்டர். அதே சுத்தத்தை ஆழமான தொட்டியில் எட்ட 50 லிட்டரில் இரண்டு அலசல் வேண்டும். அதற்கு 100 லிட்டர். கணக்கு நடக்க இரண்டு விஷயம் தேவை. தவணைகளுக்கு நடுவே பிழிதல் நன்றாக இருக்க வேண்டும். போட்ட தூள் அளவாக இருக்க வேண்டும்.

அலசல் என்பதே வெறும் நீர்த்தல் இல்லை என்று இன்னொரு பக்கத்திலிருந்தும் தெரியவந்திருக்கிறது. இழைகளுக்குள் நுண்துளைகள் உண்டு. அவற்றுக்குள் ஓடும் நீர் போய்ச் சேர்வதில்லை. அங்கே மாட்டிய அழுக்குத்துகள் தானாக ஊர்ந்து வெளிவரவும் முடியாத அளவுக்கு மெதுவாகத்தான் பரவும். பிறகு நம் சட்டை எப்படி ஒரு மணி நேரத்தில் வெளுக்கிறது? சாங்வூ ஷின், பேட்ரிக் வாரன், ஹோவர்டு ஸ்டோன் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தந்தது. அலசும்போது வெளியே நல்ல தண்ணீர், துளைக்குள் இன்னும் சோப்புக் கரைசல். இந்த அடர்த்தி வேறுபாடே துகளை வெளிப்பக்கம் நகர்த்துகிறது. சோப்பு வெளியேறும் பாதையில் அழுக்கும் சேர்ந்து பயணிக்கிறது. ஒவ்வொரு முறை புதுநீர் வரும்போதும் அந்த வேறுபாடு புதிதாக உண்டாகிறது. அலசலை வெறும் கடைசிச் சடங்காக நினைத்து ‘குயிக்’ பொத்தானை அழுத்துபவர்கள் உண்மையில் துவைப்பின் ஒரு பாதியையே வெட்டுகிறார்கள்.

*

அடுத்தது வெப்பம். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை உயர்த்த 4.2 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டரை 30லிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம். 60 லிட்டருக்கு அதே வேலையைச் செய்ய இரண்டு யூனிட்டுக்கு மேல். டிரம்மைச் சுற்றும் மோட்டார் தின்பது இதற்கு முன்னால் சில்லறை. ஆகவே சூடாக்கித் துவைக்கும் பழக்கம் உள்ள நாட்டில் படுத்த அச்சு ஜெயித்தது. ஐரோப்பாவில் சுவர்ப் பிளக்கில் 230 வோல்ட் வருகிறது; 2000 வாட் ஹீட்டரை இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். அமெரிக்காவின் சாதாரண 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து இழுக்கக்கூடியது சுமார் 1440 வாட். அதை வைத்துத் தொட்டி நிறைய நீரைக் காய்ச்ச ஒன்றரை மணி நேரம் போய்விடும். அமெரிக்கர்கள் அந்த வழிக்கே போகவில்லை. வீட்டின் பொது வெந்நீர்க் குழாயை இயந்திரத்தோடு இணைத்து, தாராளமாகத் தண்ணீரும் ஊற்றி, நிற்கும் அச்சை வளர்த்தார்கள். ஜப்பானியர் பெரும்பாலும் குளிர்ந்த நீரிலேயே துவைப்பவர்கள். அங்கே பல இயந்திரங்களோடு ஒரு நீண்ட குழாய் வரும். குடும்பம் முழுவதும் இறங்கிக் குளித்த தொட்டியின் மிச்ச வெந்நீரை உறிஞ்சித் துவைப்புக்கு எடுத்துக்கொள்ள.

தண்ணீரையும் வெப்பத்தையும் குறைத்த கணக்கை நேரம் கட்டுகிறது. டாப் லோட் முக்கால் மணி, ஒரு மணியில் முடிப்பதற்கு ஃபிரண்ட் லோட் இரண்டு மணி நேரம் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் கட்டாயமாக்கிய ‘ஈக்கோ 40–60’ முறை, பெரிய இயந்திரங்களில் மூன்று மணி நேரத்தையும் தாண்டும். மூன்று மணி நேரம் ஓடினால் மின்சாரம் கூடுதலாகத்தானே ஆகும் என்று பலர் பயந்து சிறிய முறைக்கு மாற்றுகிறார்கள். மாற்றியதும் இயந்திரம் இழந்த நேரத்தை வெப்பத்தில் ஈடுகட்டப் பார்க்கும். பில்லும் ஏறும்.

பிழியும் கட்டத்துக்கு வந்தால் எண்கள் மிரட்டும். அதே அரை மீட்டர் டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்று சுழலும்போது விளிம்பின் வேகம் மணிக்கு 113 கிலோமீட்டர். துணிமேல் முடுக்கம் ஈர்ப்பைப் போல 400 மடங்கு. டாப் லோட் வகையில் வழக்கமான 700 சுற்றில் அது 137 மடங்குதான். முடுக்கம் வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது என்பதால் வேகம் பாதியைவிடச் சற்றே கூடுதலாக இருந்தும் விசை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இவ்வளவு சுழற்சியில் அரைக்கிலோ துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் போதும். 1200 சுற்றில் அந்த அரைக்கிலோ டிரம்மை 200 கிலோ எடைக்குச் சமமான விசையால் வெளியே இழுக்கும். அதுவும் விநாடிக்கு இருபது தடவை திசை மாறி மாறி.

1937இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டுக்கான முதல் தானியங்கி ஃபிரண்ட் லோட் இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது இதற்கு அவர்களிடம் இருந்த பதில் எளிமையானது: போல்ட் போட்டுத் தரையோடு இறுக்குங்கள். சிமெண்டுத் தரை இல்லாத வீட்டுக்காரர் என்ன செய்வார்? பத்து ஆண்டு கழித்து 1947இல் ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் போல்ட் வேண்டாத டாப் லோட் தானியங்கிகளை இறக்கின. அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கு அந்தப் பக்கம் சாய்ந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இன்று படுத்த டிரம்மை வெளிப்பெட்டியோடு இறுக்குவதில்லை. தொட்டியை மேலே ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, கீழே அதிர்வடக்கிகளில் தாங்கி, அதன்மேல் கான்கிரீட் கட்டியைக் கட்டுகிறார்கள். ஆம், நிஜக் கான்கிரீட். பல இயந்திரங்களில் இருபது கிலோவுக்கும் மேல். ஆடும் பொருளை மேலும் கனமாக்குவது வேடிக்கையாகத் தோன்றும். கணக்கு இப்படி. சுழற்சி வேகம் ஸ்பிரிங்குகளின் இயல்பு அதிர்வெண்ணைத் தாண்டிய பிறகு தொட்டி ஆடும் தூரம் வேகத்தைப் பொறுத்ததில்லை. சமனற்ற எடையை ஆரத்தால் பெருக்கித் தொங்கும் மொத்த எடையால் வகுத்தால் வருவதே அந்தத் தூரம். தொங்கும் எடை 25 கிலோவானால் அரைக்கிலோக் குவியல் தொட்டியை 5 மில்லிமீட்டர் ஆட்டும். 50 கிலோவானால் இரண்டரை. பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே அத்தனை குறுகலான இடைவெளி விட்டு ஏழு, எட்டுக் கிலோ டிரம்மை அடக்க முடிவது கான்கிரீட்டின் தயவு. பிழியத் தொடங்கும்போது சில விநாடி இயந்திரம் வெறிபிடித்தது போல ஆடி, பிறகு வேகம் கூடக் கூட அமைதியாவதைப் பார்த்திருப்பீர்கள். இயல்பு அதிர்வெண்ணைக் கடக்கும் நேரம் அது. வண்டியில் ஏற்றும்போது தொட்டி ஆடாமல் பின்பக்கம் நான்கு போல்ட் முடுக்கி அனுப்புவார்கள். அவற்றைக் கழற்ற மறந்து ஓட்டினால் இயந்திரம் அறையைச் சுற்றி நடக்கும்.

டாப் லோட் வேறொரு தந்திரத்தை வைத்திருக்கிறது. டிரம்மின் வாய்ப்பகுதியில் தடித்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் பார்க்கலாம். அதற்குள் உப்புநீர் பாதி நிரம்பியிருக்கும். இயல்பு அதிர்வெண்ணைக் கடந்த பிறகு சுழலும் தொட்டி தன் வடிவ மையத்தை விட்டுவிட்டுத் தன் எடை மையத்தைச் சுற்ற முயல்கிறது. அப்போது கனமான பக்கம் உள்ளே வருகிறது, இலேசான பக்கம் வெளியே தள்ளப்படுகிறது. வளையத்துக்குள் இருக்கும் நீர் எப்போதும் வெளியே தள்ளப்பட்ட பக்கம்தான் ஓடும். ஆக, துணி எங்கே குறைவோ அங்கே தண்ணீர் போய் நிற்கிறது. மோட்டார் இல்லை, மின்னணு இல்லை, யாரும் கட்டளை இடவுமில்லை. வாஷிங் மெஷினில் எனக்கு மிகப் பிடித்த பாகம் எது என்று கேட்டால் இந்த வளையத்தைத்தான் சொல்வேன்.

சமன் குலைவைக் கண்டுபிடிப்பதில் ஈர்ப்பு மறுபடி படுத்த அச்சின் பக்கம். ஒரு பக்கம் கனத்த டிரம் கிடையாகச் சுழன்றால், கனம் மேலே ஏறும்போது மோட்டார் தயங்கும், கீழே இறங்கும்போது முந்தும். அந்தத் தயக்கத்தை அளந்தே குவியல் எவ்வளவு என்று கட்டுப்பாட்டுப் பலகை கணித்துவிடும். அதிகம் என்றால் வேகத்தைக் குறைத்துத் துணியை உருட்டிப் பரப்பிவிட்டு மறுபடி முயலும். நிற்கும் அச்சில் ஏற்றமும் இறக்கமும் இல்லை, ஆகவே அந்தத் தயக்கமும் இல்லை. ஈர்ப்பை வைத்துத் துணியை உருட்டிப் பரப்பவும் வழியில்லை. பழைய வகைகளில் தொட்டி ஆடி ஒரு நெம்புகோலைத் தட்டினால்தான் சுழற்சி நிற்கும். நாம் போய் மூடியைத் திறந்து கையால் சரிசெய்ய வேண்டும். இந்தக் குறையோடு வேகத்தையும் கூட்டப் போவது எளிதல்ல. 2016 நவம்பரில் சாம்சங் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 28 லட்சம் டாப் லோட் இயந்திரங்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேற்பகுதி பெட்டியிலிருந்து கழன்று வரும் அபாயம் இருந்தது. மெத்தை விரிப்பு, நீர்புகாத் துணி போன்றவற்றுக்குக் குறைந்த வேகத்தையே பயன்படுத்தும்படி சொல்லப்பட்டது.

படுத்த அச்சின் பலவீனம் அதன் பின்முதுகில் இருக்கிறது. முன்பக்கம் கதவுக்குப் போய்விட்டதால் டிரம்மின் முழுப் பாரமும் பின்புறத்து ஒற்றைத் தண்டில் தொங்குகிறது. மூன்று கால் கொண்ட அலுமினியத் தாங்கி, தண்டு, இரண்டு பேரிங், ஒரு ரப்பர் சீல். அலுமினியமும் எவர்சில்வரும் உப்பும் காரமும் கலந்த நீரில் சேர்ந்து கிடந்தால் அலுமினியம் அரிக்கும். சீல் தேய்ந்து நீர் புகுந்தால் பேரிங் போயிற்று. பிழியும்போது விமானம் ஏறுவது போல ஒரு சத்தம் வரத் தொடங்கும். பல மாடல்களில் வெளித்தொட்டியை இரண்டு பாதியாகப் பிரிக்க முடியாதபடி உருக்கி ஒட்டிவிடுவதால், சில நூறு ரூபாய் பேரிங்குக்காக முழுத் தொட்டியையே மாற்றச் சொல்வார்கள். இது பொறியியல் கட்டாயம் இல்லை, தொழிற்சாலையின் சௌகரியம் என்பது என் கருத்து. பிரெஞ்சுக்காரர்களின் ஒல்லி இயந்திரத்தில் கதவு மேலே இருப்பதால் டிரம்மின் இரு முனையையும் தாங்கலாம்; தண்டு தொங்க வேண்டியதில்லை.

முன்கதவு கொண்டுவந்த இன்னொரு தலைவலி அந்தச் சாம்பல் நிற ரப்பர் வளையம். ஆடும் தொட்டியையும் ஆடாத பெட்டியையும் அதுதான் இணைக்கிறது. ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க மடிப்பு வேண்டும். மடிப்பில் நீர் தங்கும். கதவை மூடினால் காற்று போகாது. குளிர்ந்த நீர், திரவ சோப்பு என்று பழகிய வீடுகளில் அங்கே பூஞ்சையும் பாக்டீரியாவும் வழவழப்பாகப் படலம் கட்டுகின்றன. துவைத்த துணி உலர்ந்த பிறகும் வீசும் அந்த ஈரக்கந்தல் வாடையின் பின்னால் ‘மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ்’ என்ற பாக்டீரியா இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அடையாளம் காட்டினார்கள். டாப் லோட் சுத்தம் என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அங்கே உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே அதே படலம் படிகிறது; கழற்றிப் பார்க்காதவரை கண்ணில் படுவதில்லை.

*

தமிழ்நாட்டு வீட்டில் எது நல்லது என்ற கேள்விக்கு இயந்திரத்தைப் பார்க்கும் முன் மொட்டை மாடியைப் பார்க்க வேண்டும். பல ஃபிரண்ட் லோட் கையேடுகள் குறைந்தது 0.3 பார் நீரழுத்தம் கேட்கின்றன. மூன்று மீட்டர் உயர நீருக்குச் சமம். கடைசி மாடியில் குடியிருப்பவரின் குழாய்க்கும் தலைக்கு மேலே இருக்கும் தொட்டிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். கீழ்வீட்டில் ஒழுங்காக ஓடும் அதே மாடல் மேல்வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று பிழைக்குறி காட்டி நிற்பது இதனால்தான். ஒரு சிறு பிரஷர் பம்பு போட்டால் தீரும். போர் தண்ணீரின் கடினத்தன்மை அடுத்தது. கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்பைத் தின்றுவிடும். சூடாக்கினால் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாக ஹீட்டரின்மேல் படியும். ஹீட்டரை நம்பி வாழும் வகைக்குத்தான் இது அதிகக் கேடு. கோடை மதியத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும் ஊரில் அந்த ஹீட்டரை எத்தனை முறை போடப்போகிறோம் என்பதையும் யோசிக்கலாம்.

வேகமாகப் பிழிவதன் மதிப்பும் ஊருக்கு ஊர் மாறும். 1400 சுற்றில் பிழிந்த பருத்தியில் அதன் எடையில் பாதி அளவு நீர் மிஞ்சும். 700, 800 சுற்றில் முக்கால் பங்குக்கு அருகில். ஆறு கிலோ துணிக்கு வித்தியாசம் ஒன்றரை லிட்டர். அதை ஆவியாக்க ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஜெர்மன் குளிர்காலத்தில் அது டிரையரின் மின்கட்டணம். மதுரை வெயிலில் அது ஒரு செலவே இல்லை. ஐப்பசி மழையில் பால்கனிக் கொடியில் மூன்று நாளாகத் துணி தொங்கும் சென்னை அடுக்ககத்தில் மறுபடி அது பெரிய விஷயம். என்னைக் கேட்டால், லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் அடுக்ககத்துக்குப் படுத்த அச்சைத்தான் சொல்வேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஒரு துவைப்புக்கு நூறு லிட்டருக்கு மேல் வடித்துவிடுவது சின்ன விஷயமாக இல்லை. கிணறும் வெயிலும் உள்ள வீட்டில், குனிய முடியாத பெரியவர்கள் துவைக்கும் வீட்டில், எளிதாகப் பழுதுபார்க்கக்கூடிய நிற்கும் அச்சைக் குறைசொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

தண்ணீர் அளவோடு சேர்ந்து அண்மையில் ஒரு புதுக்கணக்கும் வந்திருக்கிறது. செயற்கை இழைத் துணி ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகளை உதிர்க்கிறது. அவை சாக்கடை வழியாக ஆறும் கடலும் சேர்கின்றன. 2016இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் மேலங்கிகளைத் துவைத்துப் பார்த்த ஆய்வில், டாப் லோட் இயந்திரத்திலிருந்து ஃபிரண்ட் லோடைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு இழை வந்தது. கலக்கியின் முரட்டுத்தனமே காரணம் என்று தோன்றும். 2019இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. மென்துணிக்கென்று இருக்கும், அதிகத் தண்ணீரில் மெல்ல உருட்டும் முறையில்தான் இழை கூடுதலாக உதிர்ந்தது. துணிக்குப் பங்காக எத்தனை நீர் இருக்கிறது என்பது அடியின் வலிமையைவிட முக்கியமாகத் தெரிகிறது.

நிற்பதா படுப்பதா என்ற வாதத்தில் ஜப்பானியர் 2003இல் மூன்றாவது ஒரு கோணத்தைக் கொண்டுவந்தார்கள். மட்சுஷிடா நிறுவனம் தன் ‘நேஷனல்’ பெயரில் விற்ற அந்த இயந்திரத்தில் டிரம் சுமார் 30 பாகை பின்பக்கம் சாய்ந்திருந்தது. கதவின் வாய் மேல்நோக்கித் திரும்பியதால் குனிய வேண்டியது குறைந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கும் உள்ளே பார்க்க முடிந்தது. சாய்ந்த டிரம்மில் நீர் பின்மூலையில் ஆழமாகத் தேங்குவதால் குறைந்த நீரிலேயே துணி முங்கும். துணியும் அதே மூலைக்குச் சரியும் என்பது மறுபக்கம். பாரம் முழுவதும் பின்னால் சேர, பேரிங்கின் சுமை கூடும், சமப்படுத்துவது கடினமாகும். அங்கே பின்னால் வந்த மாடல்கள் பலவற்றில் சாய்வு பத்துப் பாகை அளவுக்குக் குறைந்துவிட்டது.